குடியிருப்பு விழாவுக்குக் காதல் நாடகம்: மூன்றாவது ஆள் யார்?

கேள்வி, செப்டம்பர் 3

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் குடியிருப்பு. பொங்கல் விழாவில் நாடகத்துக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நடிக்க முன்வந்தவர்கள் மூன்று பேர், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். துணுக்குத் தோரணம் பார்த்துச் சலித்துவிட்டது, இந்த முறை காதல் கதை போடுங்கள் என்று பெண்கள் குழு சொல்லிவிட்டது. காதல் நாடகத்துக்கு இரண்டு பேர்தான் அழகு, மூன்றாமவர் வந்தாலே அது முக்கோணக் கதையாகிவிடும் என்பது என் கருத்து. மூன்றாவது ஆளை மைக்கும் விளக்கும் பார்க்கச் சொல்லிவிடலாம். இரண்டு பேர் நாடகம் எதைப் போடலாம்?

செப்டம்பர் 3, இரவு

மூன்றாவது ஆளை மேடையிலிருந்து இறக்காதீர்கள். காதல் நாடகத்தைத் தாங்குவதே அந்த ஆள்தான்.

இரண்டு பேர் நாடகங்களில் பெயர் பெற்றவற்றை முதலில் பார்த்துவிடுவோம். பெர்னார்ட் ஸ்லேடின் ‘சேம் டைம், நெக்ஸ்ட் இயர்’ 1975இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் ஏறியது. ஆளுக்கொரு குடும்பம் உள்ள ஓர் ஆணும் பெண்ணும் ஆண்டுக்கு ஒரு முறை விடுதி அறையில் சந்திக்கிறார்கள். இப்படியே 24 ஆண்டு. நல்ல எழுத்து, ஆனால் பாட்டி முதல் பேரன் வரை ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்கும் பொங்கல் விழாவுக்கு அது பொருந்தாது. யான் டி ஹார்டாக்கின் ‘ஃபோர்போஸ்டர்’ ஒரு கட்டிலைச் சுற்றி முப்பத்தைந்து ஆண்டு மணவாழ்க்கையைச் சொல்கிறது. 1951இல் பிராட்வேயில் அதை நடித்த ஹியூம் க்ரோனினும் ஜெஸிகா டாண்டியும் நிஜத்திலும் கணவன் மனைவி, தொழில்முறை நடிகர்கள். லான்ஃபோர்ட் வில்சனின் ‘டாலீஸ் ஃபாலி’ 1980இல் புலிட்சர் பரிசு வாங்கியது. 97 நிமிடம், இடைவேளை கிடையாது என்று நாயகனே தொடக்கத்தில் பார்வையாளர்களிடம் அறிவித்துவிடுகிறான்.

மூன்றுக்கும் பொதுவான சங்கடம் மனப்பாடம். இரண்டே பேர் என்றால் எந்த நேரமும் யாராவது ஒருவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவருக்கு வசனம் மறந்தால் மற்றவர்தான் காப்பாற்ற வேண்டும், அவரும் அதே பயத்தில் நிற்பார். மூன்றாமவர் இருந்தால் ஒரு தம்ளர் தண்ணீரோடு உள்ளே வந்து இரண்டு வார்த்தை பேசி, தவறிய இழையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அலுவலக மனமகிழ் மன்ற நாடகக் காலத்திலிருந்து இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 4

மனப்பாடமே தேவையில்லாத இரண்டு பேர் நாடகம் இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது. ஏ. ஆர். கர்னியின் ‘லவ் லெட்டர்ஸ்’, 1988. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கையில் கடிதக் கட்டு. சிறு வயதில் தொடங்கிய கடிதங்களை இருவரும் மாறி மாறி வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் வாசிக்க வேண்டும் என்பது ஆசிரியரின் ஏற்பாடு. அதைத் தழுவி ஜாவேத் சித்திக்கி எழுதிய ‘தும்ஹாரி அம்ரிதா’வில் 1992 முதல் ஷபானா ஆஸ்மியும் ஃபாரூக் ஷேக்கும் நடித்தார்கள். 2013 டிசம்பரில் தாஜ்மகால் முன்னால் ஒரு முறை நிகழ்த்தினார்கள், அதே மாதக் கடைசியில் ஃபாரூக் ஷேக் காலமானார்.

செப்டம்பர் 4, பிற்பகல்

மேலே சொன்னதற்கு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். வாசிப்பு நாடகத்துக்கு நான்கு சுவரும் கதவும் வேண்டும். உங்கள் விழா திறந்த வெளியில், ஒரு பக்கம் சாப்பாட்டுப் பந்தி. கடிதம் வாசிக்கும் குரலில் ஏற்ற இறக்கம் குறைவு, உடம்பும் அசையாது. பின்வரிசையில் இருப்பவருக்கு அது வானொலிச் செய்தியாகத்தான் கேட்கும். அறுபது பேர் உட்காரும் மன்ற அறை கிடைத்தால் யோசியுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

செப்டம்பர் 6

மூன்றாவது ஆள் வந்தால் முக்கோணக் கதையாகிவிடும் என்ற பேச்சு எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம் அகப்பாட்டில் தலைவன், தலைவி என்று இரண்டு பேரா இருக்கிறார்கள்? தோழி இல்லாமல் எத்தனை பாட்டு நகரும்? செவிலி இல்லாமல் உடன்போக்குக்குத் துக்கம் ஏது?

கலித்தொகை 51ஐ எடுத்துப் பாருங்கள், கபிலர் பாட்டு. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: தெருவில் நாம் கட்டிய மணல் வீட்டைக் காலால் கலைத்து, கூந்தலில் இருந்த மாலையை அறுத்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவானே அந்தப் பயல், அவன் ஒரு நாள் தாகம் என்று வாசலில் வந்து நின்றான். அம்மா என்னைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். கொடுக்கப் போனால் வளைக்கையைப் பிடித்துவிட்டான். நான் ‘அம்மா, இவன் செய்வதைப் பாரேன்’ என்று கத்திவிட்டேன். அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவளிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான்’ என்றேன். அம்மா அவன் முதுகை நீவிவிடுகிறாள். அவனோ கடைக்கண்ணால் என்னைக் கொல்வதுபோல் பார்த்துச் சிரிக்கிறான்.

இதில் அம்மாவை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஒருவன் கையைப் பிடித்தான், ஒருத்தி கத்தினாள். காதல் பிறப்பது அம்மா உள்ளே வந்த பிறகு, அந்தப் பொய்யில்தான். எதுவும் தெரியாமல் முதுகை நீவுகிற அம்மாவின் கைக்கு மேலே இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறார்களே, மேடைக்கு வேண்டியது அந்த இடம். மூன்று பேர், ஒரு செம்பு, ஒரு வாசல் போதும். ஆனாலும் ஐம்பது வயதுக்காரர்கள் இதை நடிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகளுக்குக் கொடுங்கள், பத்து நிமிட நாடகமாகத் தனியே போடலாம்.

செப்டம்பர் 7

பெரியவர்களுக்கு: ரஷ்ய எழுத்தாளர் செகாவ். 1888இல், 28 வயதில் எழுதிய ‘கரடி’. அதை ஒட்டியே எழுதிய ‘பெண் கேட்டல்’ இன்னொன்று. இரண்டும் ஓரங்கம், இரண்டிலும் முக்கியப் பாத்திரங்கள் மூன்று பேர்.

‘பெண் கேட்டல்’ நாடகத்தில் லோமோவ் பெண் கேட்க வருகிறான். கேட்பதற்குள் ஒரு துண்டுப் புல்வெளி யாருடையது என்று சண்டை வந்துவிடுகிறது. அது ஓய்ந்ததும் யாருடைய வேட்டை நாய் ஒசத்தி என்று அடுத்த சண்டை. பெண்ணின் அப்பாதான் மூன்றாவது ஆள். வரப்புத் தகராறு பார்த்த ஊரில் கைதட்டல் நிச்சயம்.

இருந்தும் உங்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். லோமோவுக்குப் படபடப்பு நோய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்வான், செத்துவிட்டான் என்றே மற்றவர்கள் அலறுவார்கள். அவனுக்கு வயது 35 என்பதால்தான் அது சிரிப்பு. ஐம்பதைத் தாண்டியவர் மேடையில் நெஞ்சைப் பிடித்தால் அவர் மனைவி முன்வரிசையிலிருந்து எழுந்துவிடுவார். அந்தப் பதற்றத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

‘கரடி’ போடுங்கள்.

செப்டம்பர் 7, இரவு

கதை தெரியாதவர்களுக்கு. பொபோவா என்ற விதவை, கணவன் இறந்து ஏழு மாதமாக வீட்டை விட்டு வெளியே வராமல் துக்கம் காக்கிறாள். ஸ்மிர்னோவ் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி வருகிறான். கணவன் குதிரைக்கு ஓட்ஸ் வாங்கிய வகையில் 1200 ரூபிள் பாக்கி, நாளை வங்கிக்கு வட்டி கட்ட வேண்டும், இப்போதே கொடு என்கிறான். கணக்குப்பிள்ளை நாளை மறுநாள்தான் வருவார் என்கிறாள் அவள். நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிறான். வாய்ச்சண்டை முற்றி, துப்பாக்கிச் சண்டைக்கு வா என்று கூப்பிடும் வரை போகிறது. அவள் கணவனின் துப்பாக்கிகளை எடுத்து வந்து, ‘எனக்குச் சுடத் தெரியாது, முதலில் கற்றுக்கொடு’ என்கிறாள். கற்றுக்கொடுக்கும்போது அவன் காதலில் விழுந்துவிடுகிறான்.

மூன்றாவது ஆள் லூக்கா, வீட்டு வேலைக்காரக் கிழவன். நாடகத்தைத் தொடங்கி வைப்பதே அவன்தான்: இப்படி அறைக்குள் அடைந்து கிடக்காதே, வெளியே போ, நாலு பேரைப் பார். வசனம் குறைவு, வரவு அதிகம். நான் முதல் நாள் சொன்ன தண்ணீர்த் தம்ளர் வேலைக்கு அளவெடுத்து எழுதிய பாத்திரம்.

செப்டம்பர் 10

உங்கள் ஊருக்கு இது எப்படிப் பொருந்தும் என்று யோசித்ததில் தூக்கம் போய்விட்டது. பொள்ளாச்சி என்றால் ரேக்ளா, மாட்டுவண்டிப் பந்தயம். குதிரையை விடுங்கள், இறந்த கணவனைப் பந்தயப் பைத்தியமாக்குங்கள். 1950களின் தோட்டத்து வீடு. ஓட்ஸ் பாக்கி பருத்திக்கொட்டைப் பாக்கியாகட்டும், வந்திருப்பவர் மண்டிக்காரர், முன்பு ராணுவத்தில் சுபேதார். பணத்தை ரூபாயாக்குங்கள், மிச்சம் அப்படியே இருக்கட்டும்.

மூலத்தில் டோபி என்ற குதிரை மேடைக்கு வருவதே இல்லை. கணவனுக்குப் பிரியமான குதிரை. தொடக்கத்தில் பொபோவா, ‘டோபிக்கு இன்று கூடுதலாக ஓட்ஸ் வையுங்கள்’ என்கிறாள். கடைசி வசனமும் டோபியைப் பற்றித்தான்: இன்று அதற்கு ஓட்ஸே வேண்டாம். ‘உன்னை விரும்புகிறேன்’ என்று அவள் எங்கும் சொல்வதில்லை, அந்த வசனம்தான் அதைச் சொல்கிறது. டோபி ஒரு காங்கேயம் காளையாகட்டும். ‘காளைக்கு இன்னும் ஒரு படி பருத்திக்கொட்டை சேர்த்து ஊற வையுங்கள்’ என்று தொடங்கி, ‘இன்று வேண்டாம்’ என்று முடியட்டும். உங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

செப்டம்பர் 11

முத்தம் பற்றிக் கேட்டவருக்கு: மூலத்தின் முடிவில் நீண்ட முத்தம் உண்டு. அப்போது லூக்கா கோடரியோடும் மற்ற ஆட்கள் கழியும் கவைக்கோலுமாகவும் ஓடி வந்து அப்படியே நின்றுவிடுவார்கள். நமக்கு முத்தம் வேண்டாம். கூச்சத்துக்காக மட்டும் சொல்லவில்லை, துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் காட்சியே போதும். பண்ணை வீட்டில் உரிமம் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கும், ஒன்றே ஒன்று. அவள் அதைத் தவறாகப் பிடிக்கிறாள். அவர் அவளது இடது கையைக் குழலின் அடியில் நகர்த்தி வைக்கிறார். கையை எடுக்க மறந்துவிடுகிறார். அந்த நேரம் பார்த்து மூன்றாவது ஆள் உலக்கையோடு உள்ளே வரட்டும்.

கபிலர் பாட்டின் வளைக்கை இங்கே வந்து நிற்பதைக் கவனித்தீர்களா? நான் எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

மரத்துப்பாக்கி போதும். பொட்டு வெடி, கேப் எதுவும் வேண்டாம், முன்னால் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

செப்டம்பர் 15

ஒரு வாசகி கடுமையாக எழுதியிருக்கிறார்: விதவைக் கோலத்தை வைத்து நகைச்சுவையா, பார்வையாளர்களில் எத்தனை பேர் அதை அனுபவித்தவர்கள் தெரியுமா? கேட்க வேண்டிய கேள்வி. செகாவின் ஊரில் துக்கம் காப்பது அவள் விருப்பம். நம் ஊரில் ஒரு தலைமுறைக்கு அது விருப்பமாக இருந்ததில்லை. பூவையும் வண்ணத்தையும் பறித்த கைகள் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

பதில் எழுதுமுன் எங்கள் மாடியில் இருக்கும் ஒரு அம்மாவிடம் கதையைச் சொன்னேன். எழுபதைக் கடந்தவர், கணவரை இளவயதில் இழந்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது: ‘புருஷன் நல்லவனா?’

இல்லை. மூலத்திலேயே அவன் ஊர் மேய்ந்தவன். பொபோவா அதைக் கணவனின் படத்தைப் பார்த்தே சொல்கிறாள்: நீ எனக்கு உண்மையாக இல்லை, நான் சாகும் வரை எப்படி இருக்கிறேன் பார். ‘அப்படியானால் அவள் அழவில்லை, பழி வாங்குகிறாள்’ என்றார் அந்த அம்மா. பிறகு, ‘போடுங்கள், ஆனால் அவள் வெள்ளை கட்ட வேண்டாம்’ என்றார். எனக்கு அங்கே நாடகமே திறந்துகொண்டது.

செப்டம்பர் 16

நேற்றைய பேச்சின் தொடர்ச்சி. வேலைக்காரக் கிழவன் வேண்டாம். மூன்றாவது ஆளை இறந்தவனின் அத்தையாக்குங்கள். அவர் வெள்ளைப் புடவையில் இருக்கட்டும், பதினெட்டு வயதிலிருந்தே அப்படி. இப்போது முதல் காட்சியைப் படித்துப் பாருங்கள். ‘எத்தனை நாளைக்கு அம்மிணி இப்படி அறைக்குள்ளேயே இருப்பாய்? தேர் வருகிறது, போய்ப் பார்த்துவிட்டு வா’ என்று அந்த அத்தை சொல்லும்போது, லூக்கா சொன்ன அதே வார்த்தை முற்றிலும் வேறு எடை பெறுகிறது. லூக்காவுக்கு அது இரக்கம். அத்தைக்கோ தன்னிடம் யாரும் சொல்லாத வார்த்தை.

நாயகி வெளிர் நிறப் புடவை கட்டட்டும். அடைந்து கிடக்கிறேன் என்பவள் பவுடர் பூச மறக்கவில்லையே என்று ஸ்மிர்னோவ் குத்திக்காட்டும் இடம் மூலத்தில் உண்டு. அதை விட்டுவிடாதீர்கள்.

உலக்கையோடு ஓடி வரும் அத்தை அந்த இரண்டு கைகளையும் பார்க்கிறார். வசனம் எதுவும் கொடுக்க வேண்டாம். உலக்கையைக் கீழே வைக்கட்டும். அதன்பின் காளைக்குப் பருத்திக்கொட்டை வேண்டாம் என்ற வசனம் வரட்டும். கடைசியில் நாயகிக்குப் பொட்டு வைத்துவிடும் காட்சியைச் சேர்க்கலாமே என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள், கைதட்டலும் கிடைக்கும். சேர்க்காதீர்கள். அவள் தானாக எடுத்த முடிவை இன்னொருவர் கைச்சடங்காக்கிவிடும்.

செப்டம்பர் 19

அனுமதி, உரிமை விவகாரங்கள். செகாவ் 1904இல் காலமானவர், மூல நாடகத்துக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் அண்மைக்கால மொழிபெயர்ப்புக்கு உண்டு. நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை, மொழிபெயர்ப்பாளருக்கும் அதே கணக்கு. 1918இல் காலமான ஜூலியஸ் வெஸ்டின் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்து நீங்களே எழுதிக்கொண்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஒரு நல்ல விலக்கு இருக்கிறது: தொழில்முறை அல்லாத மன்றம், கட்டணம் செலுத்தாத பார்வையாளர்களுக்கு நாடகம் நடத்தினால் அது உரிமை மீறல் ஆகாது. டிக்கெட் போட்டால் அந்த நிழல் போய்விடும். கர்னி 2017இல்தான் காலமானார். அவர் நாடகத்தைத் தமிழில் பெயர்த்துப் போட நினைத்தால் இந்த விலக்கை நம்பாதீர்கள், மொழிபெயர்ப்பு தனி உரிமை.

காவல் நிலையத்தில் பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமா என்றால், அந்தக் காலம் போய்விட்டது. 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. நாடகக்காரர் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஒலிபெருக்கி அனுமதி வேறு, அதை வாங்கத்தான் வேண்டும். திறந்த வெளியில் இரவு பத்து மணிக்கு மைக் அணைய வேண்டும்.

செப்டம்பர் 23

வள்ளி திருமணத்தை ஏன் சொல்லவில்லை என்று ஒரு பெரியவர் கோபித்திருக்கிறார். சங்கரதாஸ் சுவாமிகளை மறப்பேனா? விடிய விடிய நடக்கும் கூத்தில் கூட்டம் காத்திருப்பது வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்துக்கு. அங்கேயும் காதலுக்கு வழி வெட்டுகிறவர் மூன்றாமவர்தான். ஆனால் அது பாடத் தெரிந்தவர்களின் சொத்து. ஆர்மோனியமும் குரலும் இல்லாமல் வசனமாக மட்டும் போட்டால் சுவாமிகளுக்குச் செய்யும் மரியாதையாக இருக்காது.

அக்டோபர் 2

இரண்டு பேர் நாடகத்தை அடியோடு தள்ளிவிட்டதாக நினைக்க வேண்டாம். சோவியத் நாடக ஆசிரியர் அர்புசோவின் ‘பழைய பாணி நகைச்சுவை’ என் மனதை விட்டுப் போகாத ஒன்று. 1968, ரீகா கடற்கரையில் ஒரு சானடோரியம் (தங்கிச் சிகிச்சை பெறும் ஓய்வில்லம்), தலைமை மருத்துவர், நோயாளியாக வந்த பெண்மணி, இருவரும் முதியவர்கள். முதல் காட்சியில் அவள் மேல் மற்றவர்கள் கொடுத்த புகார்களை அவர் விசாரிக்கிறார். போரில் இறந்தவர்கள் இருவருக்கும் நடுவே எப்போதும் இருக்கிறார்கள். மேடையில் இல்லாத அவர்கள்தான் அங்கே மூன்றாவது ஆள். முழுநீள நாடகம், நாற்பது நிமிடத்தில் அடங்காது. உங்கள் குழு கரடியை முடித்துவிட்டு அடுத்த ஆண்டுக்கு இதை எடுக்கட்டும்.

அக்டோபர் 20

பாத்திரப் பங்கீடு அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். குரல் நன்றாக இருப்பவருக்கு மண்டிக்காரர் வேடம் என்று போட்டிருக்கிறீர்கள். மாற்றுங்கள். மண்டிக்காரர் கத்தினாலே போதும். நல்ல குரல் அத்தைக்கு வேண்டும், தாழ்ந்து பேசும் வசனமெல்லாம் அவருடையது. சட்டையில் குத்தும் மைக் இல்லாமல் மேலிருந்து தொங்கும் மைக் என்றால் அத்தையின் இடத்தை ஒரு மைக்குக்கு நேர் கீழே வைத்துவிடுங்கள்.

நாற்காலி உடைவது பற்றிக் கேட்டது: ஸ்மிர்னோவ் ஆத்திரத்தில் நாற்காலியைப் பிடிக்க, அது முறியும். தச்சரிடம் சொல்லிப் பின்பலகையைக் கழற்றி, ஆணி இல்லாமல் இரண்டு மர முளையில் மட்டும் நிற்கும்படி செய்யச் சொல்லுங்கள். இழுத்தால் கையோடு வரும். ஒத்திகைக்கு முதல் நாளிலிருந்தே அதே நாற்காலி இருக்க வேண்டும், இல்லையென்றால் விழாவன்று பழக்கதோஷத்தில் அதில் உட்கார்ந்துவிடுவார். உடைந்ததை அத்தை முணுமுணுத்தபடி பொறுக்கி எடுத்துக்கொண்டு போகட்டும். நாயகி உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து வர அந்த நேரம் சரியாக இருக்கும்.